13 வருஷம் அசையாத நாற்காலி

இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறினால்தான் சம்பளம் ஏறும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நிற்கிற ஃபைனல் இயர் பையனுக்கும் இன்று இது தெரியும். தப்பில்லை, ஐ.டி.யில் முதல் ஐந்து வருஷத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். அப்புறம்? 35 வயதில் ரெஸ்யூமேயில் ஆறு கம்பெனியின் பெயர் இருக்கும். அந்த ஆறில் ஒன்றிலாவது உங்கள் பெயரை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். தாவத் தெரிந்தவர்கள் மார்க்கெட்டில் நிறைய. ஒரே இடத்தில் இருந்துகொண்டே வருஷா வருஷம் தன் விலையை ஏற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. எது குறைவாகக் கிடைக்கிறதோ அதற்குத்தான் விலை அதிகம்.

இதைக் கற்றுக்கொள்ள வெபினார் வேண்டாம். சீக்கிரம் சீட்டு கிழிகிற வேலை எது என்று பாருங்கள். அதில் நீண்ட நாள் நின்றவர் யார் என்று தேடுங்கள். ஃபுட்பால் கோச் வேலை அப்படிப்பட்டது. வரிசையாக நாலு மேட்ச் தோற்றால் ஐந்தாவது மேட்சுக்கு வேறு ஆள் வந்து நிற்பார். சையத் அப்துல் ரஹீம் 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குக் கோச் ஆனார். 1963 ஜூன் 11-ல் புற்றுநோயில் இறக்கும் வரை அந்த நாற்காலி அவருடையது. அதே காலத்தில் இந்திய அணியை ஹெல்சிங்கி, மெல்பர்ன், ரோம் என்று மூன்று ஒலிம்பிக்குக்கு அழைத்துப் போனார். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதன்பின் ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை.

2024-ல் அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்த ‘மைதான்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணீரையும் பின்னணி இசையையும் ஓரமாக வையுங்கள். நமக்கு வேண்டியது அவர் வேலை பார்த்த விதம். அவர் பெரிய கிளப்பின் ஸ்டார் கிடையாது; பள்ளிக்கூட வாத்தியார். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் திறந்ததே 1961-ல்தான். அவர் கோச் ஆனபோது கோச் ஆகப் படிக்க இந்தியாவில் அப்படி ஒரு இடமே இல்லை. கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ கிளம்புகிற உங்கள் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதானே? பெரிய காலேஜ் முத்திரை இல்லை, மாமா மச்சான் யாரும் ஹெட் ஆபீஸில் இல்லை. அதனால் இவரிடமிருந்து திருடலாம்.

1. லிஸ்ட் யாரிடம் இருக்கிறதோ, அதிகாரம் அவரிடம்

கோச் ஆவதற்கு முன்பே, 1940-களிலேயே, ரஹீம் ஹைதராபாத் ஃபுட்பால் அசோசியேஷனின் செக்ரட்டரி. கடைசி வரை அந்தப் பதவியை அவர் விடவில்லை. செக்ரட்டரி வேலை என்றால் லீக் அட்டவணை, கிரவுண்டு அனுமதி, கிளப்புகளின் பஞ்சாயத்து, ஆட்டக்காரர் பதிவு. யாரும் கைதட்டாத வேலை. ஆனால் ஊரில் எந்த மூலையில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்ற தகவல் முதலில் வந்து சேரும் மேஜை அதுதான். கோச் என்ற முறையில் அவருக்கு ஆள் தேவைப்பட்டபோது, செக்ரட்டரி என்ற முறையில் அவரிடமே லிஸ்ட் இருந்தது. கோச்சை மாற்றலாம் என்று யாராவது நினைத்திருந்தால், செக்ரட்டரியையும் சேர்த்துத்தான் மாற்றியாக வேண்டும். பாதுகாப்பு அங்கேதான் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. குடிகாடு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் ட்ரெய்னியாகச் சேர்ந்தால், ஷிஃப்ட் ரோஸ்டர் போடுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். பண்ருட்டி முந்திரி ஏற்றுமதி ஆபீஸ் என்றால் வெண்டர் லிஸ்டும் பேமெண்ட் ஃபாலோ-அப்பும். மருத்துவமனை என்றால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஃபைல். எல்லாரும் தள்ளிவிடுகிற வேலைதான், அதனால்தான் சும்மா கிடைக்கும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால், ஆள் குறைப்பு பேச்சு எழும்போது யாரை அனுப்பினால் லைன் நிற்கும் என்று மேனேஜர் உங்களிடம்தான் கேட்பார். கேட்கப்படுகிறவரின் பெயர் லிஸ்டில் வருவது அபூர்வம்.

பெர்மனென்ட் ஆர்டர் கையில் இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு அண்ணாமலை நகரே பதில். 2013-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டபின், உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் பணி நிரவலில் தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள். வேலை போகவில்லை, இடம் போனது. வீடு கட்டி, பிள்ளைகளை உள்ளூர் ஸ்கூலில் சேர்த்தவர்களுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் எவ்வளவு என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2. சம்பளம் ஒரு கதவு, பெயர் இன்னொரு கதவு

ரஹீமின் படிப்பு உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் ஆர்ட்ஸ் டிகிரி, பிறகு உடற்கல்வி டிப்ளமோ. பிழைப்பு பள்ளிக்கூட வேலை. சாயங்காலம் மைதானம். பேஷனை ஃபாலோ பண்ணு, வேலையை விடு என்று இன்ஸ்டாவில் ரீல் போடுகிறவர்கள் இவரைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள்.

அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம் உண்டு. கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஒரு ஃபைனலுக்கு 80,000 பேர் வருவார்கள். ஆனால் விதிப்படி அது அமெச்சூர் ஆட்டம்; ஆடுகிறவருக்கும் சம்பளம் இல்லை, கோச்சுக்கும் இல்லை. அங்கே ஷான் பாய்லன் என்பவர் மீத் கவுண்டி அணியை 1982 முதல் 2005 வரை 23 வருஷம் நடத்தினார். நாலு முறை ஆல்-அயர்லாந்து பட்டம். அவருடைய தொழில் மூலிகை வைத்தியம்! நம்ம ஊர் சித்த வைத்தியர் ஒருவர் காலையில் கஷாயம் காய்ச்சிவிட்டு மாலையில் மாநில அணிக்குக் கோச்சிங் கொடுப்பதாக நினைத்துப் பாருங்கள். டைரோன் கவுண்டியில் 18 சீசன் நின்ற மிக்கி ஹார்ட்டும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான்.

இவர்கள் எல்லாம் நீண்ட நாள் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. வீட்டு அரிசி இந்த நாற்காலியிலிருந்து வரவில்லை என்றால், அதில் உட்கார்ந்து தைரியமாக முடிவெடுக்கலாம். மேலிடம் மிரட்டினால் கை நடுங்காது. ஆகவே முதல் நிலையான வருமானத்தைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். கோஆபரேட்டிவ் பேங்க் கிளார்க் வேலையோ தனியார் பள்ளி வாத்தியார் வேலையோ, வாடகை கட்டட்டும். உங்கள் பெயரைச் சம்பாதித்துத் தருகிற வேலையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரில் வெளிவேலை பற்றிய ஷரத்து இருக்கும். கையெழுத்துக்கு முன் படியுங்கள். அரசு வேலை என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் காசு வாங்காதீர்கள்.

3. ஆளை நீங்களே கண்டுபிடியுங்கள்

துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கத்தில் அம்முகூடா என்ற ஊரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரஹீம் கண்ணில் பட்டபோது பிராக்டிஸுக்கு வந்து போகவே காசில்லாத பையன். சைக்கிள் வாடகைக்கு ரஹீம் கையிலிருந்து காசு கொடுத்து வரவழைத்தார் என்று பின்னாளில் பலராமே சொல்லியிருக்கிறார். 1956-ல் சந்தோஷ் டிராபி ஜெயித்த ஹைதராபாத் அணியில் பலராம் இருந்தார். அதே வருஷம் மெல்பர்ன் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். 1962 தங்க அணியிலும் இருந்தார். சில அணா முதலீட்டுக்கு இவ்வளவு ரிட்டர்ன்.

இதை வெறும் தர்மம் என்று படித்தால் பாடம் போய்விடும். யாரும் கவனிக்காத நேரத்தில் நீங்கள் கைதூக்கிவிட்ட ஆள், நீங்கள் சொன்னால் கேட்பார். ஹெட் ஆபீஸ் அனுப்பிவைத்த ஆள், ஹெட் ஆபீஸ் சொன்னால் கேட்பார். ரஹீமுக்கு முதல் வகை நிறைய இருந்தார்கள். மேலே சொன்ன மிக்கி ஹார்ட்டும் இதையே செய்தார். 1998-ல் டைரோனின் பதினெட்டு வயதுக்குட்பட்ட அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன்கள் வளர்ந்தார்கள், இவரும் கூடவே மேலே ஏறினார். 2003-ல் அவர்களில் பலரை வைத்தே டைரோனுக்கு முதல் சீனியர் பட்டம்.

உங்களுக்கு இன்னும் டீம் இல்லையா? இன்டெர்ன் வருவான். அப்ரெண்டிஸ் வருவாள். அவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, சிஸ்டத்தில் எப்படி என்ட்ரி போடுவது, எந்த மேனேஜரிடம் எந்த நேரத்தில் போகக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். மூன்று வருஷம் கழித்து அவர்களில் ஒருத்தர் வேறு கம்பெனியில் ஹையரிங் டேபிளில் உட்கார்ந்திருப்பார். லிங்க்டுஇன்னில் முன்பின் தெரியாத ஆயிரம் பேரை கனெக்ட் பண்ணி வைத்திருப்பதைவிட இந்த ஒருத்தர் மேல்.

4. தோல்விக்கும் ஒரு நம்பர் போட்டு வையுங்கள்

1952, ஹெல்சிங்கி. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. குளிரிலும் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்த ஸ்கோர் இன்றைக்கு வந்திருந்தால் கோச் ஏர்போர்ட்டில் இறங்குவதற்குள் ட்விட்டரில் ஆளை முடித்திருப்பார்கள்.

ரஹீமின் நாற்காலி தப்பியது. அந்தத் தோல்விக்குப் பிறகு அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நாலு வருஷம் கழித்து மெல்பர்னில், ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்து, ஒலிம்பிக் ஃபுட்பாலில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. நெவில் டிசூசா அந்த மேட்சில் ஹாட்ரிக். அரையிறுதியில் எதிரே நின்றது யார்? மறுபடி யூகோஸ்லாவியா. மறுபடி தோல்வி, ஆனால் 4-1. முதல் கோலைப் போட்டதும் இந்தியாதான். வெண்கல மேட்சில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நாலாவது இடம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் அப்ரைசல் ஃபார்மில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். 10-1 ஒரு தோல்வி. 4-1 இன்னொரு தோல்வி. தனித்தனியாக எழுதினால் இரண்டு ஃபெயிலியர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு வருஷத்து உழைப்பின் அளவு. உங்கள் வேலையிலும் அப்படித்தான். போன வருஷம் 40 கஸ்டமர் கம்ப்ளெய்ண்ட், இந்த வருஷம் 22 என்றால், 22 கம்ப்ளெய்ண்ட் வந்தது என்று மேனேஜர் திட்டுவார். 40-ஐ நீங்கள் எழுதி வைத்திருந்தால்தான் அவர் வாயை மூட முடியும். ஆகவே வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இன்றைய நிலைமையின் நம்பர்களை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி டேட்டாவை வெளியே எடுத்துப் போகச் சொல்லவில்லை, அது வேலைக்கே உலை. உங்கள் பொறுப்பில் இருக்கிற நாலு எண்கள் போதும்.

தோல்வி நடந்த மறுநாள் காலை மெயில் ஒன்று போகட்டும்: என்ன நடந்தது, எதை மாற்றுகிறோம், எப்போதைக்குள். மூன்று வரி. யார் தவறு என்று தேடும் மீட்டிங் தொடங்குவதற்கு முன்பே திருத்தத்தோடு வந்து நிற்கிறவரை வெளியே அனுப்ப மேலிடத்துக்கு மனம் வராது. அனுப்பினால் அந்தத் திருத்தத்தை யார் செய்வது?

5. இடது காலுக்குத் தனி டோர்னமெண்ட்

ரஹீமின் பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. வலுவில்லாத காலால் மட்டும் பந்தை உதைக்க வேண்டும் என்று டோர்னமெண்ட் நடத்தினார். டிரிப்ளிங்கே கூடாது, வந்த பந்தை உடனே பாஸ் செய்ய வேண்டும் என்று இன்னொன்று. கெட்டிக்காரன் தன் கெட்டிக்காரத்தனத்துக்குள் ஒளிந்துகொள்ள வழியே இல்லாத ஆட்டம்.

உங்கள் இடது கால் எது என்று உங்களுக்குத் தெரியும். டெல்டா, கடலோரம் பக்கத்துப் பட்டதாரிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இங்கிலீஷ் போன் கால். மெயில் எழுதிவிடுவார்கள், கூகுள் துணை. போன் அடித்தால் தொண்டை அடைக்கும். இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ் 12,000 ரூபாய் கட்டிச் சேர்வதைவிட ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு மாதத்துக்கு, மெயிலில் முடிக்கக்கூடிய எதையும் போனில்தான் முடிப்பது. கொரியர் கம்பெனி, டெலிகாம் கஸ்டமர் கேர், ஹோட்டல் புக்கிங் எல்லாமே பிராக்டிஸ் கிரவுண்டுதான். அவர்களுக்கு உங்கள் கிராமர் பற்றிக் கவலையே இல்லை. எக்செல் பயம் உள்ளவர்கள் வீட்டு மளிகைக் கணக்கை ஒரு மாதம் பிவட் டேபிளில் போடட்டும். மீட்டிங்கில் வாயே திறக்காதவர்கள் முதல் பத்து நிமிஷத்துக்குள் ஒரு கேள்வி கேட்பது என்று வைத்துக்கொள்ளட்டும். கேள்வி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

6. டீமின் பழைய ரெஸ்யூமேயைப் படித்து வையுங்கள்

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக் கதை பலருக்குத் தெரியும், ஆனால் பெரும்பாலும் வீரக்கதையாக. நிர்வாகக் கதையாகப் பாருங்கள்.

முதல் மேட்சிலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை ஜெயித்தார்கள், ஆனால் டிஃபென்ஸின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல். போதாததற்கு இந்தியா மீது உள்ளூர் ரசிகர்களுக்குக் கடுங்கோபம். இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய விளையாட்டு அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்ததுதான் காரணம். ஒரு லட்சம் பேர் நிறைந்த ஸ்டேடியம், பெரும்பாலும் எதிராகக் கத்தும் கூட்டம். அதிகாரி எடுத்த முடிவுக்கு அடி வாங்கியது ஆட்டக்காரர்கள். உங்கள் ஆபீஸிலும் இது நடக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

தலையில் கட்டோடு இருப்பவரை டிஃபென்ஸில் விட முடியாது. உட்கார வைக்கவும் மனமில்லை. ஜர்னைல் காலேஜ் காலத்தில் ஃபார்வர்டாக ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அரையிறுதியில் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் போட்டார், இந்தியா 3-2. செப்டம்பர் 4-ல் ஃபைனல், மறுபடி தென்கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. கோல்போஸ்ட்டில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். நடுவில் காய்ச்சலில் படுத்திருந்தவரை ஃபைனலுக்கு ரஹீம் திரும்பக் கொண்டுவந்திருந்தார்.

இந்தத் தங்கராஜ் இன்னொரு பாடம். செகந்திராபாத் கிளப்புகளில் சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்தவர். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்தபின் கோல்கீப்பர் ஆனார். 1955-லும் 1958-லும் அந்த ரெஜிமெண்ட் டூரண்ட் கப் ஜெயித்தது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர். ஃபார்வர்டாகவே அடம் பிடித்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா?

ஜர்னைல் முன்னே போய் கோல் போட்டார், தங்கராஜ் பின்னே வந்து பெயர் வாங்கினார். ரோல் மாற்றச் சொன்னால் டிமோஷன் என்று நினைத்து மூஞ்சியைத் தூக்குகிற பழக்கத்தை விடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: சம்பளம் குறையுமா, ரிப்போர்ட்டிங் யாருக்கு, திரும்பி வர முடியுமா. பதில் சரியாக இருந்தால் போய்விடுங்கள். நீங்கள் டீம் லீட் என்றால், உங்கள் ஆட்களின் பழைய வேலைகளை விசாரித்து வையுங்கள். அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண் இரண்டு வருஷம் கால் சென்டரில் இருந்தவராக இருப்பார். நெருக்கடியில் அதுதான் கை கொடுக்கும்.

7. ஹெட் ஆபீஸ் பார்க்கிற இடத்தில் ஜெயியுங்கள்

அந்தக் காலத்து இந்திய ஃபுட்பாலுக்கு ஹெட் ஆபீஸ் கல்கத்தா. ஸ்டார்களும் பத்திரிகையும் பணமும் அங்கே. ஹைதராபாத்தில் உட்கார்ந்து நாங்களும் நல்லா ஆடுறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரஹீமின் போலீஸ் அணி 1950-ல் டெல்லி போய் டூரண்ட் கப் ஃபைனலில் மோகன் பகானை வீழ்த்தியது. பம்பாயில் ரோவர்ஸ் கப்பை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை தூக்கியது. ஊரில் வாங்கிய லீக் கோப்பைகளுக்கு அந்த மதிப்பு வராது.

கடலூர் பிராஞ்சில் டார்கெட்டைத் தாண்டினீர்களா? நல்லது. அதைச் சென்னையில் நடக்கும் ரிவியூவில் யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் மேனேஜர் தன் பெயரில் வாசிக்கிறார் என்றால் வருத்தப்பட்டுப் பயனில்லை, அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது சென்னையோ பெங்களூரோ நடத்துகிற ப்ராஜெக்டில் உங்களை இணைத்துக்கொள்ளுங்கள். டிராவல் அலவன்ஸ் பத்தாது, ராத்திரி ரயிலில் முதுகு வலிக்கும். போங்கள்.

8. சொந்தக்காரனைப் பெஞ்சில் உட்கார வையுங்கள்

ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் நல்ல ஆட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் பெயர் இருந்தது, ஒரு மேட்சில்கூட இறங்கவில்லை. கோச் அப்பா. வீட்டில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்ததோ! ஆனால் டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் வாயைத் திறந்திருக்க முடியாது. ஹக்கீம் பின்னால் விமானப்படை அதிகாரியாகவும் ஃபிஃபா ரெஃபரியாகவும் தன் பெயரில் வந்தார். மச்சினனை உங்கள் கம்பெனிக்கே ரெஃபர் செய்வதில் தப்பில்லை, ரெஃபரல் போனஸ் உண்டென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டீமில் மட்டும் வேண்டாம்.

அவர் செய்யாமல் விட்டவை

ரஹீமைக் கும்பிட்டுவிட்டுப் போவது என் நோக்கம் இல்லை. அவர் விட்ட இடங்களும் உண்டு, அவற்றையும் பாருங்கள். அவர் விடாமல் சிகரெட் பிடித்தவர். தங்கம் வாங்கி ஒன்பது மாதத்தில், 53 வயதில் போய்விட்டார். கேரியரின் உச்சத்தில் உடம்பு கழன்றுகொள்வது நம் ஊர் சேல்ஸ் மேனேஜர்களிடமும் பார்க்கிறோம். 40 வயதில் முழு உடல் பரிசோதனை, கம்பெனி இன்சூரன்ஸ் தவிர சொந்தமாக ஒரு பாலிசி. வேலை போனால் கம்பெனி பாலிசியும் போகும் என்பதைப் பலர் வேலை போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இரண்டாவது, அவருக்குப்பின் யார் என்பது தெளிவாக இல்லை. அவரிடம் ஆடிய பி.கே. பானர்ஜியும் அருண் கோஷும் பின்னாளில் கோச்சுகள் ஆனார்கள். ஆனால் 1970 பாங்காக் வெண்கலத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தால் உங்களை யாரும் அசைக்க முடியாது, சரி. உங்களுக்கு ப்ரொமோஷனும் கிடைக்காது. இவரை மேலே தூக்கினால் இங்கே யார் பார்ப்பது என்ற ஒரே காரணத்துக்காக பத்து வருஷம் அதே சீட்டில் வைக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். செய்முறையை எழுதி வையுங்கள். இரண்டாவது ஆளை, நீங்கள் விரும்பும் ஆளை, நீங்களே தயார் செய்யுங்கள். இல்லையென்றால் அவர்கள் விரும்பும் ஆள் வருவார்.

விளையாட்டையே வேலையாக்க நினைப்பவர்களுக்கு

நம் கடலூர்ப் பக்கத்தில் ஃபுட்பால் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடலூரில் இந்திரா காந்தி அகாடமி என்ற பெண்கள் அணி 2017-18 இந்தியன் விமென்ஸ் லீகில் ஆடியது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு மிட்ஃபீல்டராக ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும். ஆட்டம் ஒரு பக்கம், காக்கி உடுப்பு ஒரு பக்கம். இரண்டாவது பாயிண்டில் சொன்ன கணக்கு இதுதான்.

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, தபால், வருமான வரி போன்ற மத்திய அரசுத் துறைகள் தனியாக ஆள் எடுக்கின்றன. போட்டி கடுமை, ஆனால் பொதுத் தேர்வில் லட்சக்கணக்கானவர்களோடு முட்டுவதைவிட இந்த வரிசை சின்னது. கோச் ஆக வேண்டும் என்றால் பி.பி.எட். முடித்து ஸ்கூல் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே ஃபுட்பால் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். அதன்மேல் சி, பி, ஏ, ப்ரோ என்று ஏணி போகும். டி லைசென்ஸ் வைத்திருக்கிற உடற்கல்வி ஆசிரியரைத் தனியார் பள்ளி இன்டர்வியூவில் வேறு மாதிரிதான் பார்க்கிறார்கள், சம்பளம் பேசும்போது அதை மேஜையில் வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது பேப்பர் வேலையில். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு கோப்பையோடு எடுத்த போட்டோவும் பத்திரிகைக் கட்டிங்கும் செல்லாது. ஃபார்ம் வேண்டும். நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகப் போட்டிக்கு ஃபார்ம் 3, பள்ளி அளவுக்கு ஃபார்ம் 4. சம்பந்தப்பட்ட சங்கமோ பல்கலைக்கழகமோ துறையோ கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக அணியில் ஆடினீர்கள் என்றால், டி.சி. வாங்கப் போகிற அன்றே உடற்கல்வித் துறைக்கும் ஒரு நடை போய் ஃபார்ம் 3-ஐ வாங்கிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்து நோட்டிஃபிகேஷன் வந்து, கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது போனால், அன்றைக்கு இருந்த டைரக்டர் ரிட்டயர் ஆகியிருப்பார், ரெஜிஸ்டர் எங்கே என்று புதியவர் தேடிக்கொண்டிருப்பார். ஒரிஜினலை லேமினேட் பண்ணாதீர்கள், அட்டெஸ்டேஷனுக்குச் சீல் வைக்க இடமிருக்காது. மூன்று ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன், ஸ்கேனை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.